குறைநீர்க் கணக்கு: காவிரியில் வறட்சியைப் பங்கிடும் வழிகள்

காவிரியில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதை இன்று மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. குடகு மலையின் தலைக்காவிரியில் பிறந்து பூம்புகாரில் கடல் சேரும் வரை இந்த ஆறு ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடுகிறது. வழியில் காவிரியிலும் துணையாறுகளிலும் கர்நாடகத்தின் ஹாரங்கி, ஹேமாவதி, கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிற்கின்றன. தமிழ்நாட்டுக்குள் மேட்டூர், பவானிசாகர், அமராவதி அணைகளும், மாயனூர் கதவணை, முக்கொம்பு மேலணை, கல்லணை, அணைக்கரை கீழணை ஆகியவையும் உள்ளன. கல்லணைக்குக் கீழே ஆறு கிளையாறுகளாகவும், அவை வாய்க்கால்களாகவும் பிரிந்து வயலை அடைகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மதகு உண்டு. ஒவ்வொரு மதகையும் திறக்கவோ மூடவோ ஒரு கை உண்டு.

இப்படி மனிதர் கைக்கு வந்துவிட்ட ஆற்றில் வறட்சியின் பொருளும் மாறிவிடுகிறது. மழை குறைந்தால் அது வானிலை வறட்சி. மண்ணில் ஈரம் அற்றுப் பயிர் வாடினால் அது வேளாண் வறட்சி. ஆறு, ஏரி, கிணறு ஆகியவற்றில் நீர் இறங்கினால் அது நீரியல் வறட்சி. ஒன்று முற்றி அடுத்ததாக மாறச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். அணைகள் உள்ள ஆற்றில் இந்த மூன்றையும் தவிர இன்னொன்றும் சேர்கிறது: ஆறு தரக்கூடியதைவிட அதன்மேல் எழுதப்பட்ட தேவை கூடிப்போவது. அப்படிப்பட்ட ஆற்றில் சராசரிக்குச் சற்றே குறைந்த மழைகூடப் பஞ்சமாக உருவெடுக்கும்.

இரண்டு பருவமழை, ஓர் ஆறு

காவிரிப் படுகையின் பரப்பு சுமார் 81,000 சதுர கிலோமீட்டர். கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய நான்கும் அதில் பங்குதாரர்கள். மேற்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நீர் தருகிறது. டெல்டாவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது.

டெல்டாவின் சாகுபடி இந்த இரண்டு மழைக்கும் இடையில் பொருத்தப்பட்டது. ஜூனில் தொடங்கும் குறுவை குறுகிய காலப் பயிர். அது முழுக்க முழுக்க மேட்டூர் தண்ணீரையும் பம்புசெட்டையும் நம்பியது. ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும் சம்பா நீண்ட காலப் பயிர். அதன் பிற்பாதியை வடகிழக்கு மழை தாங்கிப் பிடிக்கும். குறுவை அறுத்த வயலில் இரண்டாம் போகமாக நடுவது தாளடி. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது மரபாக இருப்பதும் இந்தப் பயிர்க் காலத்தை ஒட்டியே.

சிக்கலின் வேர் இந்தக் கால அட்டவணையிலேயே இருக்கிறது. குறுவைக்குத் தண்ணீர் வேண்டிய அதே மாதங்களில்தான் கர்நாடக அணைகள் நிரம்பியாக வேண்டும். மண்டியா, மைசூரு பகுதி வயல்களும் அப்போதுதான் தண்ணீர் கேட்கும். தென்மேற்கு மழை பொய்த்தால் இரு மாநில விவசாயிகளும் ஒரே மாதத்தில் ஒரே ஆற்றை நோக்கிக் கை நீட்டுகிறார்கள். வடகிழக்கு மழையும் சேர்ந்து பொய்க்கும் ஆண்டு இன்னும் கொடியது. 2016 அப்படிப்பட்ட ஆண்டு. தென்மேற்கு மழை குறைந்து காவிரி வரத்து சுருங்கியது. பின்னால் வந்த வடகிழக்கு மழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

அணை எவ்வளவு தாங்கும்

பெய்யும் காலத்தில் சேர்த்து, பெய்யாத காலத்தில் கொடுப்பது அணையின் வேலை. கல்லணை இந்த வகை அல்ல. அது நீரைத் தேக்குவதில்லை, திருப்பிவிடுகிறது. காவிரியில் பெரிய தேக்கங்கள் 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. மைசூர் சமஸ்தானம் கிருஷ்ணராஜசாகரைக் கட்டியது. சென்னை மாகாணம் 1925இல் மேட்டூர் வேலையைத் தொடங்கி 1934இல் முடித்தது. இவ்விரு தரப்பும் 1892இலும் 1924இலும் செய்த ஒப்பந்தங்கள் இத்தகைய கட்டுமானங்களையும் அவற்றால் விரியும் பாசனப் பரப்பையும் ஒட்டி எழுந்தவை.

அணை எவ்வளவு தாங்கும் என்பதைக் கொள்ளளவு சொல்லும். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி சேரும். கர்நாடகத்தின் நான்கு அணைகளும் சேர்ந்து சுமார் 114.6 டிஎம்சி கொள்ளும். மேட்டூர் 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி. பவானிசாகரையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 240 டிஎம்சி. படுகையின் ஆண்டு நீர்வளமாக, பின்னாளில் பங்கீட்டை முடிவு செய்த காவிரி நடுவர் மன்றம் கணக்கிட்டது 740 டிஎம்சி. ஆக, ஓர் ஆண்டு வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பெரிய தேக்கங்களில் இடம் உண்டு.

இதனால் காவிரி அணைகள் ஒரு பருவத்தின் நீரை அடுத்த பருவத்துக்குக் கடத்துமே தவிர, ஒரு நல்ல ஆண்டின் மிச்சத்தை அடுத்த ஆண்டின் பஞ்சத்துக்கு ஈடாக வைத்திருக்கும் வலு அவற்றுக்கு இல்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவழிக்கும் குடும்பத்தைப் போன்றது இந்தப் படுகை. ஒரு மழைக்காலம் தவறினால் அடுத்த மாதமே அடுப்படியில் தெரிந்துவிடும்.

அணைக்கு இன்னொரு மறைவான விளைவும் உண்டு. தண்ணீர் உறுதி என்ற நம்பிக்கை வந்ததும் பாசனப் பரப்பு விரியும், நெல்லும் கரும்பும் கூடும், நகரம் குழாய் போடும். கூடிய கொள்ளளவைத் தேவை எட்டிப் பிடித்த பிறகு வரும் வறட்சி, அணை கட்டாத காலத்து வறட்சியைவிட அதிகமானவர்களைத் தாக்கும்.

740 என்ற எண்

1924 ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டு நிறைவுக்குப் பின் சச்சரவு முற்றியது. 1990 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் இடைக்கால ஆணை வந்தது. 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. அதன்படி தமிழ்நாட்டுக்கு 404.25 டிஎம்சி, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சியும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டிஎம்சியும் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டின் பங்கில் 177.25 டிஎம்சி எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் வந்து சேர வேண்டும். எஞ்சியது தமிழ்நாட்டுக்குள் பெய்யும் மழையிலிருந்து கிடைப்பதாகக் கணக்கு.

பிலிகுண்டுலு நீருக்கு மாதவாரி அட்டவணையும் உண்டு. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டிஎம்சி. அக்டோபரிலிருந்து அளவு இறங்கி, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சியில் நிற்கும்.

740 டிஎம்சி என்பது 50 சதவீத நம்பகத்தன்மை கொண்ட எண். அதாவது நீண்ட காலக் கணக்கில் இரண்டு ஆண்டுக்கு ஓர் ஆண்டு இந்த அளவோ அதற்கு மேலோ வரும். மற்ற ஆண்டில் குறையும். அந்தக் குறை சில ஆண்டுகளில் சிறிதாகவும் சில ஆண்டுகளில் பெரிதாகவும் இருக்கும். எந்த ஆண்டிலும் பற்றாக்குறை வரக்கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்ட பங்கீடு இது. ஆயினும் முழு ஆண்டுக்கான பங்கைக் கடைசித் தசமம் வரை எழுதிய ஏடுகள், குறை ஆண்டுக்கு ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டன: வரத்து குறைந்தால் பங்குகளும் அதே விகிதத்தில் குறைக்கப்பட வேண்டும்.

குறை விழும் ஆண்டில்

அந்த ஒரு வாக்கியத்துக்குள் பல கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. குறையை எதை வைத்து அளப்பது? கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கு வந்த நீரை வைத்தா, படுகை முழுவதன் நீரை வைத்தா? எந்தத் தேதியில் அளப்பது? ஆகஸ்டில் பொய்த்த மழை செப்டம்பரில் ஈடாகலாம்; அதுவரை டெல்டாவின் நாற்று காத்திருக்குமா? இனி வரப்போகும் வடகிழக்கு மழையைக் கணக்கில் சேர்க்கலாமா? குடிநீரை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிடுவதா, எல்லாவற்றையும் சமமாகக் குறைப்பதா?

பதில் முன்கூட்டியே எழுதப்படாததால் ஒவ்வொரு குறை ஆண்டிலும் இக்கேள்விகள் புதிதாகக் கிளம்புகின்றன. 2002, 2012, 2016 ஆண்டுகளில் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 செப்டம்பரில் நீதிமன்றம் வினாடிக்கு 15,000 கன அடி திறக்கச் சொன்னது. ஒரு வாரத்தில் அதை 12,000 ஆகக் குறைத்தது. பெங்களூரில் வன்முறை வெடித்தது. மேட்டூர் அணை 2012 முதல் 2019 வரை எந்த ஆண்டும் ஜூன் 12 அன்று திறக்கப்படவில்லை. எட்டு ஆண்டுகள் குறுவைக்கு மரபுத் தேதியில் ஆற்றுநீர் கிடைக்கவில்லை.

2018 ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையமும், அதன் கீழ் ஒழுங்காற்றுக் குழுவும் அமைந்தன. நீதிமன்றத்தில் நடந்த வாக்குவாதம் இப்போது முதலில் இந்தக் குழுவின் மேசையில் நடக்கிறது. 2023இல் தென்மேற்கு மழை மீண்டும் குறைந்தபோது, அணை வரத்து முந்தைய 30 ஆண்டுச் சராசரியைவிட எத்தனை சதவீதம் குறைந்தது என்பதைக் குழு அளவுகோலாக எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் வினாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாளுக்குத் திறக்க ஆணையிட்டது. அது சுமார் 6.5 டிஎம்சி, அதே அரை மாதத்துக்கு அட்டவணை சொல்வது 18 டிஎம்சிக்கு மேல். மேலே உள்ளவர்கள் அதையும் அதிகம் என்றார்கள். கீழே உள்ளவர்கள் விகிதக் கணக்குப்படியும் போதாது என்றார்கள். ஜூன் 12 அன்றே திறக்கப்பட்ட மேட்டூர் அக்டோபரில் மூடப்பட்டது.

பதினைந்து நாளுக்கொரு முறை அளவை முடிவு செய்வது ஓரளவு நெகிழ்வு தரும். அடுத்த பதினைந்து நாளில் என்ன வரும் என்று தெரியாத விவசாயி விதை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது உதவாது.

வேறு ஆறுகள் கண்ட வழி

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 1922 உடன்படிக்கை மேல்படுகைக்கும் கீழ்படுகைக்கும் தலா 75 லட்சம் ஏக்கர் அடி நீரை ஒதுக்கியது; 1944 ஒப்பந்தம் மெக்ஸிகோவுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி தந்தது. மொத்தம் சுமார் 719 டிஎம்சி, காவிரியின் 740க்குப் பக்கத்தில். வழக்கத்துக்கு மாறாக நல்ல மழை பெய்த ஆண்டுகளின் அளவீட்டை நம்பி எழுதிய பங்கு அது. 2000க்குப் பிறகு அந்த ஆற்றின் சராசரி நீர்வளம் சுமார் 540 டிஎம்சிக்கு இறங்கிவிட்டது.

அங்கே குறையைப் பங்கிட 2007இல் ஒரு விதி எழுதப்பட்டது. ஹூவர் அணைக்குப் பின்னுள்ள மீட் ஏரியின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,075 அடி, 1,050 அடி, 1,025 அடி என ஒவ்வொரு படி இறங்கும்போதும், எந்த மாநிலம் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதில் எண்ணாகவே உள்ளது. 2019இல் இன்னும் கடுமையான படிகள் சேர்க்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக்கு அரிசோனா மட்டும் 5,12,000 ஏக்கர் அடியை, சுமார் 22 டிஎம்சியை, இழந்தது. வலி பெரிது. ஆனால் எவ்வளவு என்பது ஆண்டு பிறப்பதற்கு நான்கு மாதம் முன்பே விவசாயிக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகை வேறு வழி எடுத்தது. அங்கே உரிமம் இத்தனை லிட்டர் என்று உறுதி சொல்வதில்லை. அணை இருப்பைப் பார்த்து, உரிமத்தில் எத்தனை சதவீதம் இந்த ஆண்டு கிடைக்கும் என்று அரசு அறிவித்து, பருவம் போகப்போக உயர்த்தும். தண்ணீர் உரிமையை விற்கவும் வாங்கவும் முடியும். 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சியில், ஆண்டுதோறும் நடும் நெல்லைக் கைவிட்டவர்கள் தண்ணீரைத் திராட்சை, பாதாம் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். நல்ல ஆண்டில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த நெல், 2008 அறுவடையில் 20,000 டன்னுக்கும் கீழே போனது. மரங்கள் பிழைத்தன, நெல்லை நம்பிய சிற்றூர்கள் தேய்ந்தன. ஆற்றின் முகத்துவாரம் மணலால் அடைபடாமல் இருக்க 2002இலிருந்து தூர்வார வேண்டியிருந்தது. ஆற்றுக்கென்றே தண்ணீர் ஒதுக்கும் படுகைத் திட்டம் அதன் பிறகு, 2012இல் வந்தது.

இரண்டையும் அப்படியே காவிரிக்குக் கொண்டுவர முடியாது. கொலராடோவின் தேக்கங்கள் ஏறக்குறைய நான்கு ஆண்டு நீரைத் தாங்கும். அதனால் ஏரி மட்டத்தை வைத்தே விதி எழுதலாம். ஓராண்டின் மூன்றில் ஒரு பங்கையே தேக்கும் காவிரிக்கு, மழைக்காலத்துக்குள்ளேயே வாரம்தோறும் வரத்தைப் பார்த்து இயங்கும் விதி வேண்டும். சிறு விவசாயிகள் நிறைந்த டெல்டாவில் தண்ணீர்ச் சந்தைக்கும் இடம் குறைவு. எடுத்துக்கொள்ளத்தக்கது அவற்றின் அடிப்படை: எந்த அளவில் குறை தொடங்குகிறது, யாருக்கு எவ்வளவு வெட்டு என்பது தண்ணீர் இருக்கும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தலைமடையும் கடைமடையும்

மாநிலங்களுக்கிடையே உள்ள பிரச்சினையே டெல்டாவுக்குள் சிறிய அளவில் மறுபடி நடக்கிறது. கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. மிகை நீர் கொள்ளிடத்தில் போகிறது. மேட்டூர் திறந்து பல நாள் கழித்தே நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டும். ஓட்டம் மெலிந்தால் தலைமடை எடுத்தது போக மீதி கடைமடைக்கு எட்டாது.

இதற்கு டெல்டா கண்ட பழைய மருந்து முறைப்பாசனம். எல்லா ஆறுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் எதுவும் கடைசி மதகை எட்டாது. அதனால் சில நாள் காவிரிக்கும் சில நாள் வெண்ணாற்றுக்கும் எனக் கட்டி விடுவார்கள். முறை வந்த ஆற்றில் மட்டம் உயர்ந்து கிளை வாய்க்காலின் தலைமதகு நீரை இழுத்துக்கொள்ளும். முறை தவறாமல் நடக்கப் நீர்வளத்துறையின் கண்காணிப்பும், ஊரில் நீர்ப் பாய்ச்சும் ஒழுங்கும் சேர்ந்து வேண்டும். கோடையில் வாய்க்கால் தூர்வாராத ஆண்டில் முறைப்பாசனமும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

வயலிலும் சேமிக்க இடமுண்டு. நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. கட்டிய நீர் மறைந்த பிறகு மறுபடி கட்டும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறை விளைச்சலைக் குறைக்காமல் நீரைக் குறைக்கிறது. மேட்டூர் திறப்பு தாமதமாகும் ஆண்டில் நாற்றுவிட்டு நடுவதற்குப் பதிலாக நேரடி விதைப்பு செய்தால், நாற்றங்காலுக்கும் சேற்றுழவுக்கும் ஆகும் தண்ணீர் மிச்சம். சமுதாய நாற்றங்கால், குறுகிய வயது ரகங்கள், நெல் தரிசில் உளுந்து ஆகியவையும் இதே வரிசையில் வருபவை. எதை நடுவது என்ற முடிவுக்கு, எவ்வளவு தண்ணீர் வரும் என்ற அறிவிப்பு ஜூனிலேயே கிடைத்தால்தான் இவற்றால் பயன்.

மண்ணுக்குள் இருக்கும் நீர்

ஆறு வராத ஆண்டில் டெல்டாவைக் காப்பது வடிமுனைக் குழாய்களும் ஆழ்துளைக் கிணறுகளும். ஆற்று மணலில் ஊறி இறங்கிய நீரே அவற்றில் ஏறுவது. ஆகவே ஆற்று நீரும் நிலத்தடி நீரும் இரண்டு கணக்கு போலத் தோன்றினாலும் சேமிப்பு ஒன்றே. 2018 தீர்ப்பு தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்தபோது டெல்டாவின் 10 டிஎம்சி நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்தது. கடலோர மாவட்டங்களில் அந்த நீர் உவர்ந்திருக்கிறது. அதிகம் இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும்.

வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசுவதிலும் இந்த உறவு தெரியும். கசிவு நின்றால் கடைமடைக்கு அதிக நீர் போகும். ஆனால் வழியில் இருக்கும் கிணறுகளை நிரப்பியது அந்தக் கசிவுதான். கல்லணைக் கால்வாய்க்குக் கான்கிரீட் தளம் போட்டபோது எதிர்ப்பு எழுந்தது இதனாலேயே. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்த இடங்களில் இன்னொரு சங்கடம்: வாய்க்காலின் தலைமதகு உயரத்தில் நிற்க, குறைந்த ஓட்டம் அதற்குக் கீழே ஓடிவிடும். ஓட்டம் மெலியும்போது கழிவும் அடர்த்தியாகும். காவிரியின் துணையாறான நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு பாசனத்தைக் கெடுத்ததற்கு, அதைக் கரைத்து இழுத்துச் செல்ல ஆற்றில் போதிய நீர் இல்லாததும் ஒரு காரணம்.

நகரத்தின் தாகம்

குடிநீருக்கே முதல் உரிமை என்பதை யாரும் மறுப்பதில்லை. 2018 தீர்ப்பு பெங்களூரின் குடிநீருக்கென்று கர்நாடகத்துக்கு 4.75 டிஎம்சி கூடுதலாகத் தந்தது. அந்நகரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை மேடேற்றிக் குடிக்கிறது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் அங்கே ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, காவிரிக் குழாய் எட்டாத புறநகர்கள்தான் அதிகம் தவித்தன. அந்த ஆண்டு அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் ஒகேனக்கல், ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும், சென்னைக்கு நீர் தரும் வீராணம் ஏரியும் இதே ஆற்றைச் சார்ந்தவை.

நகரம் எடுக்கும் நீரில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பி வருகிறது. அதைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைக்கும் ஏரிகளுக்கும் கொடுத்தால் ஆற்றின் மேல் விழும் பாரம் குறையும். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் பகுதி ஏரிகளை நிரப்பும் திட்டம் இப்படி நடக்கிறது. புதிய அணை என்ற தீர்வில் ஒருமித்த கருத்து இல்லை. மேகதாதுவில் சுமார் 67 டிஎம்சி கொள்ளும் அணையைக் கர்நாடகம் முன்மொழிகிறது. மழை மிகுந்த ஆண்டில் கடலுக்குப் போவதைத் தேக்கலாம் என்பது அதன் வாதம். குறை ஆண்டில் அந்த அணை நிரம்பிய பிறகுதான் தங்களுக்குத் தண்ணீர் வரும் என்பது தமிழ்நாட்டின் அச்சம். குறை ஆண்டுக்கான விதி இல்லாதவரை எந்தப் புதிய தேக்கமும் இந்த அச்சத்தோடுதான் பிறக்கும்.

விதியை எழுதும் காலம்

அத்தகைய விதிக்கு வேண்டியவை தெரிந்தவையே. எல்லா அணைகளின் இருப்பும் வரத்தும் திறப்பும் இரு தரப்பும் நம்பும் ஒரே அளவீட்டில் அன்றாடம் வெளியாக வேண்டும். குறையின் படிகள் சதவீதத்தில் வரையப்பட வேண்டும். ஒவ்வொரு படியிலும் குடிநீர், நிற்கும் பயிர், புதுச் சாகுபடி, ஆற்றின் சொந்த ஓட்டம் ஆகியவற்றின் வரிசை உறுதியாக வேண்டும். ஆகஸ்டில் பிடித்துவைத்த நீரைச் செப்டம்பரில் மழை வந்தால் எப்படி ஈடு செய்வது என்பதும், வெட்டு விழுந்த விவசாயிக்குக் காப்பீடும் நிவாரணமும் எந்தப் படியில் தொடங்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

2023 அக்டோபரில் மூடப்பட்ட மேட்டூர் அணை, 2024 ஜூலை 30 அன்று முழு மட்டமான 120 அடியை எட்டியது. கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் பெருவெள்ளம் வந்து, உபரிநீர் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போனது. இரு மாநிலங்களுக்கும் அப்போது பிலிகுண்டுலுவில் சண்டையிட எதுவும் இருக்கவில்லை. எனவே குறை ஆண்டைப் பற்றிய பேச்சும் எழவில்லை. நடுவர் மன்றத்தின் 50 சதவீதக் கணக்கின்படி குறை ஆண்டு வெகு தொலைவில் இருக்காது. அதற்கான விதியை யாருக்கும் இழப்பில்லாமல் எழுத முடிவது இப்படிப்பட்ட நிறை ஆண்டில்தான்.